ஏழாம் எண் பந்து

அன்புள்ள ஐயா,

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். அமெரிக்காவின் இம்மாக்குலேட்டா கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டினேன். “எட்டுப் பேரோட போயா கப் வாங்குனாங்க மிஸ்?” என்று கேட்டார்கள். எங்களிடம் பதினோரு பேர். பாதிப்பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். ஆனால் வருடா வருடம் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புகிறோம். உள்ளரங்கம் இல்லாமல் ஒரு அணியை வளர்க்க முடியுமா? பிள்ளைகளுக்கு உயரமும் குறைவு. வளையத்தை அரை அடி இறக்கித் தருவதாக நிர்வாகத்தில் சொல்கிறார்கள், நம்பிக்கை வரும் என்று எனக்கும் தோன்றுகிறது. பந்து பிரச்சினை இல்லை, மாணவர்கள் அணி கொடுத்தது நல்ல நிலையில் இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

பந்து பிரச்சினை இல்லை என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் பிரச்சினையே அதுதான். பெண்கள் கூடைப்பந்தின் விதிகள் மாறிவந்த கதையை இந்த வாரம் முழுக்க மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் சரியாக அதன் மேல் வந்து விழுந்தது.

உள்ளரங்கத்தை முதலில் முடித்துவிடுவோம். இம்மாக்குலேட்டாவின் உடற்பயிற்சிக்கூடம் 1967இல் எரிந்துபோனது. 1972, 1973, 1974 என்று மூன்று வருடமும் தேசியப் பட்டம் அவர்களுக்குத்தான். பயிற்சியாளர் கேத்தி ரஷ்ஷுக்கு வருடத்துக்கு 450 டாலர் சம்பளம். டூத் பிரஷ் விற்றுக் காசு சேர்த்து, எட்டுப் பேரை மட்டும் விமானத்தில் கூட்டிப்போனார்கள். சில நாள் முன்பு மண்டலப் போட்டியில் வெஸ்ட் செஸ்டர் கல்லூரியிடம் 32 புள்ளியில் தோற்றிருந்த அணி, அதே வெஸ்ட் செஸ்டரை 1972 இறுதியாட்டத்தில் 52-48 என்று வென்றது. கன்னியாஸ்திரிகள் வாளியைத் தட்டி ஆரவாரம் செய்த அணி அது. வாளி உங்கள் ஊரிலும் கிடைக்கும்.

உயரத்துக்கும் இரண்டு வரி போதும். ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் எகிறி வரும் பந்தைப் பிடிக்க, போர்டை அண்ணாந்து பார்த்து நிற்க வேண்டாம். ஷாட் கிளம்பியதும் எதிராளி மேல் முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி அவளை வெளியே நிறுத்திவிட்டுப் பிறகு பந்தைத் தேடச் சொல்லுங்கள். வள்ளம் தள்ளிப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர ஒரு காலைப்பொழுது போதும்.

வளையத்தை இறக்குவதற்கு உங்களுக்கும் சம்மதம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை, அம்மா. இந்த விளையாட்டில் பெண்களுக்காக எதையாவது குறைப்பது புதிதல்ல. ஆட்டம் 1891 டிசம்பரில் பிறந்தது. அடுத்த வருடமே அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைப் பெண்களுக்குக் கொண்டுவந்தார். மைதானத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்தார். தன் கட்டத்தைத் தாண்டக் கூடாது, பந்தை மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மூன்று தடவைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது, இன்னொருத்தி கையிலிருந்து பிடுங்கக் கூடாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓடினால் பெண் உடம்பு தாங்காது என்று படித்தவர்களே நம்பிய காலம், அந்தக் கோட்டைக் காட்டித்தான் ஆடவே அனுமதி வாங்க முடிந்தது. ஆனால் கோடு லேசில் அழியவில்லை. 1938இல் மூன்று கட்டம் இரண்டானது. ஆறு பேரில் மூன்று பேர் கூடை போடுகிறவர்கள், மூன்று பேர் தடுக்கிறவர்கள். தடுக்கிற பெண் தன் படிப்புக் காலம் முழுக்க ஒரு கூடைகூடப் போடாமலே போகலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஐந்து பேர், முழு மைதானம் என்று ஆனது 1971இல். எட்டுப் பேர் விமானம் ஏறியது அதற்கு அடுத்த வருடம்.

அமெரிக்காவிலேயே டெல்டா ஸ்டேட் கல்லூரியில் இன்னும் மோசம். பெண்களுக்குக் கடினமான விளையாட்டு என்று சொல்லி 1932இல் அணியையே கலைத்தார்கள். ஆடிக்கொண்டிருந்த பெண்கள் சீருடையைக் கொளுத்தினார்கள். அந்தப் பெண்களில் ஒருவரான மார்கரெட் வேட், 1973இல் அணி திரும்ப வந்தபோது பயிற்சியாளராக வந்து, 1975 முதல் 1977 வரை மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்தார். நடுவில் போன நாற்பது வருடத்து மாணவிகளுக்கு யார் பதில் சொல்வது?

உங்கள் நிர்வாகம் இறக்கப்போகும் அரை அடியும் அதே ஜாதி. காரைக்குடிக்கு ஆடப் போனால் அங்கே வளையம் 3.05 மீட்டரில்தான் இருக்கும். இறக்கிய வளையத்தில் பழகிய கை பந்தைத் தட்டையாக அனுப்பும், ஒவ்வொன்றும் முன் கம்பியில் இடித்துத் திரும்பும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள். தரையிலிருந்து வளையத்தின் மேல்விளிம்பு வரை முன்னால், இரு பக்கம், போர்டை ஒட்டி என்று நான்கு இடத்தில் அளக்க வேண்டும். பையன்கள் தொங்கிய வளையம் முன்பக்கம் சரிந்திருக்கும். உப்புக்காற்றில் போல்ட் துருப்பிடித்து ஆடும். நட்டை மட்டும் இறுக்கினால் அடுத்த கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிப்பதற்குள் மறுபடி தளரும், போல்ட்டையே மாற்றுங்கள், துத்தநாகப் பூச்சு உள்ளதாக.

இனி பந்து. பெண்களுக்காக இந்த விளையாட்டில் செய்த மாற்றங்களில் எனக்கு முழுச் சம்மதம் இது ஒன்றுக்குத்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் 1984-85 பருவத்திலிருந்து பெண்களுக்குச் சுற்றளவு ஓர் அங்குலம் குறைந்த பந்து வந்தது. இப்போது உலகம் முழுக்கப் பெண்கள் ஆடுவது ஆறாம் எண் பந்தில். சுற்றளவு சுமார் 72 சென்டிமீட்டர், எடை 510 முதல் 550 கிராம். உங்களிடம் இருப்பது ஏழாம் எண்ணாகத்தான் இருக்கும்: 75 சென்டிமீட்டருக்கு மேல், 600 கிராம் பக்கம். சூடை மீனுக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை என்று வலைக்கண் பார்த்து வலை எடுக்கிற ஊரில் இதை நான் விளக்க வேண்டியிருக்கிறதே!

பெரிய பந்து கையை எப்படிக் கெடுக்கிறது என்று பாருங்கள். பந்து விரல்களின் மேல் இருக்க வேண்டும், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். சின்னக் கையில் ஏழாம் எண் நிற்காது, உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். அதைத் தாங்க முழங்கை வெளியே போகும். எடை போதாமல் இடது கை கட்டைவிரல் உதவிக்கு வந்து தள்ளும். பந்தை நெஞ்சிலிருந்து எக்கித் தள்ளுவாள், மணிக்கட்டு மடங்காது, பின்சுழற்சி வராது. வளையத்தில் பட்ட பந்து செத்து உள்ளே விழாமல் எகிறி ஓடும். நீங்கள் இதைப் பார்த்து ‘பிள்ளைக்குத் தெம்பு இல்லை’ என்பீர்கள். நிர்வாகம் வளையத்தை இறக்கும். ஆறு மாதத்தில் அந்தப் பழக்கம் எலும்பில் ஏறிவிடும், பிறகு போட்டியில் சரியான பந்தைக் கொடுத்தால் போர்டுக்கு மேலே போகும்!

மூன்று ஆறாம் எண் பந்து வாங்குங்கள். சிமெண்டுத் தளத்தில் மணல் பறக்கும் ஊருக்கு ரப்பர் போதும், தோல் வேண்டாம். பயிற்சிக்கு முன் தளத்தைக் கூட்டாவிட்டால் மணல் அரைத்துப் பந்து வழுக்கையாகிவிடும். காற்றடிக்கும் ஊசியை நனைத்துச் செருகுங்கள், உலர்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும். பந்தின் அடிப்பாகம் 1.8 மீட்டரில் இருக்கும்படி பிடித்துக் கைவிட்டால் அதன் உச்சி 1.2க்கும் 1.4க்கும் நடுவில் எழும்ப வேண்டும். வெயிலில் கிடந்த பந்தைச் சோதிக்காதீர்கள், உள்காற்று விரிந்து பொய் சொல்லும்.

முதல் இரண்டு வாரம் ஆட்டமே வேண்டாம். வளையத்திலிருந்து ஒரு மீட்டரில் நின்று ஒரு கையால் தினமும் ஐம்பது கூடை. பிறகு இடது கையைப் பக்கத்தில் சும்மா வைத்து ஐம்பது. அது சரியான பிறகே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போகலாம். கச்சான் அடிக்கும் மாதங்களில் தூரத்து ஷாட்டை விட்டுவிட்டு, பக்கவாட்டில் 45 டிகிரியில் நின்று போர்டில் அடித்துப் போடப் பழக்குங்கள். தலைக்கு மேல் தூக்கிப் போடும் பாஸும் அப்போது வேண்டாம், காற்று கொண்டுபோய்விடும். தரையில் தட்டிக் கொடுக்கட்டும்.

பந்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஷாட்டில் அந்தக் கோடு நேராகப் பின்னோக்கிச் சுழன்றால் கை சரி, தள்ளாடினால் கட்டைவிரல் வேலை செய்கிறது. வலது கைக்காரப் பெண்ணுக்குப் பந்து வலப்பக்கமே தவறினால் இடது கட்டைவிரல், இடப்பக்கமே தவறினால் வெளியே போன முழங்கை, முன் கம்பியிலேயே இடித்தால் முழங்கால் மடங்கவில்லை. ஆளுக்கு நூறு ஷாட், எந்தப் பக்கம் எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். பதினோரு பேருடைய கணக்கையும் எனக்கு அனுப்புங்கள். ஆறாம் எண் பந்து வந்ததும் மாணவர்கள் இரவல் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.