கிராப்பிக்கு ஜிக்கா, ஸ்பின்னரா?

தம்பி, டெக்சாஸ் மாநிலத்துப் பிளேனோவுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, ஊரில் வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்த கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, ஆபீஸில் எல்லாரும் கிராப்பி கிராப்பி என்று ஓர் ஏரி மீனைப் பற்றியே பேசுகிறார்களே, அதைப் பிடிக்க ஈயக்குண்டு வைத்த ஜிக் வாங்குவதா, தகடு சுழலும் ஸ்பின்னர் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தால்கூட இங்கே ஒரு பிரியாணி விலை ஆகாது. ஆனால் அதற்கு முன்னால் லைசென்ஸ்.

டெக்சாஸில் பொதுவாக 17 வயது ஆனவர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஏரியில் தூண்டில் போடக் கூடாது. தொடர்ந்து ஆறு மாதம் இந்த மாநிலத்தில் வசித்திருந்தால்தான் உள்ளூர்க்காரர் கட்டணம். உங்களுக்கு இப்போது வெளிமாநிலத்தார் கட்டணம்தான், கிட்டத்தட்ட இரட்டிப்பு. சாதாரண வருட லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்டேட் பார்க்குக்குள் கரையில் நின்று பிடிப்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும் போதும். ரே ராபர்ட்ஸ் ஏரியில் அப்படி ஒரு பார்க் இருக்கிறது. ஆறு மாதம் ஆகும்வரை அங்கே போய்ப் பழகுங்கள்.

சரி, மீனுக்கு வருவோம். கிராப்பியைக் கையில் பிடித்துப் பார்த்தால் வவ்வால் மீன் மாதிரி தட்டையாக, வெள்ளியில் கருப்புப் புள்ளி தெளித்தாற்போல இருக்கும். வெள்ளைக் கிராப்பி, கருப்புக் கிராப்பி என்று இரண்டு சாதி. இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான் என்பதால் அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது அதன் கண்ணை. பெரிய கண், தலையில் மேலே தள்ளி இருக்கும். தனக்கு மேலே போகும் குஞ்சு மீனைப் பார்த்து எழும்பி வந்து உறிஞ்சும் மீன் இது. நம் ஊரில் ஈயத்தைக் கட்டிப் புழுவை அடியில் உட்கார வைப்போமே, அந்தப் பழக்கம் கெளுத்திக்குச் சரி. கிராப்பிக்கு இரை அதன் தலைக்கு ஓர் அடியாவது மேலே இருக்க வேண்டும், மெதுவாகவும் போக வேண்டும். கீழே போய்விட்டால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஜிக்கானாலும் ஸ்பின்னரானாலும் வித்தை இவ்வளவுதான்.

ஜிக் என்பது தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயக்குண்டை வார்த்து வைத்தது. அதில் இரண்டு அங்குல ரப்பர் மீனைக் கோத்துக்கொள்வோம். 1/16 அவுன்ஸ் வாங்குங்கள். காற்றில்லாத நாளுக்கும் ஆழம் குறைந்த இடத்துக்கும் 1/32. தூண்டில் நரம்பு 4 அல்லது 6 பவுண்டு தாங்குவதற்கு மேல் வேண்டாம். தடித்த நரம்பில் இவ்வளவு சின்ன ஈயம் இறங்கவே இறங்காது. நீங்கள் வாங்கியிருப்பதாகச் சொன்ன தூண்டில் கோல், பாஸ் என்ற வேறு மீனுக்கானது, அது வீட்டிலேயே இருக்கட்டும். ஆறேழு அடியில் அல்ட்ராலைட் என்று எழுதிய மெல்லிய கோலாகப் பாருங்கள்.

ரப்பரைக் கோக்கும்போது முள்ளின் வளைவு எங்கே வெளியே வர வேண்டும் என்று பக்கத்தில் வைத்து அளந்துகொண்டு, மூக்கின் நடுவில் குத்தி நேராக ஏற்றுங்கள். சுருங்கியோ கோணியோ இருந்தால் தண்ணீரில் சுழலும், மீன் சந்தேகப்படும். முடிச்சையும் பாருங்கள். ஜிக்கைத் தொங்கவிட்டால் அது படுத்த வாக்கில், நீந்தும் குஞ்சு மாதிரி நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் முடிச்சை வளையத்தில் சற்றுப் பின்னால் தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு அது முன்னால் நகர்ந்துவிடும், மறுபடி தள்ள வேண்டியதுதான். பலரும் இதைச் செய்வதில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் மீன் படுவதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மீன் இருக்கும் இடம் தெரிந்தால் ஜிக், தெரியாவிட்டால் ஸ்பின்னர். இது என் கணக்கு. படகுத்துறைக் கால்கள், பாலத் தூண்கள், தண்ணீரில் மூழ்கிய மரங்கள், இவற்றின் நிழலில்தான் கிராப்பி கூட்டமாக நிற்கும். தூணை ஒட்டி ஜிக்கை இறக்கி அப்படியே பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஆட்ட வேண்டாம், உங்கள் கை நடுக்கமே போதும். கொஞ்சம் தள்ளி எறிகிறீர்களா? தண்ணீரில் விழுந்ததும் எண்ணத் தொடங்குங்கள். 1/16 ஜிக் ஏறக்குறைய நொடிக்கு ஓர் அடி இறங்கும். ஐந்து எண்ணி நரம்பைச் சுற்றி இழுக்கும்போது கடித்தால் அடுத்த முறையும் ஐந்துதான். கடிக்கவில்லை என்றால் ஏழு, ஒன்பது என்று இறங்குங்கள்.

வெறும் கரை, எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் ஸ்பின்னரைக் கட்டி விசிறி மாதிரி நாலா பக்கமும் எறிந்து தேடுங்கள். ஊக்கு வடிவக் கம்பியில் தகடு தொங்கும் பீட்டில் ஸ்பின், ஈயத்தின் அடியிலேயே குட்டித் தகடு வைத்த ரோட் ரன்னர், இந்த இரண்டில் ஒன்று போதும். மூன்று முள் கொத்தாக இருக்கும் ஸ்பின்னர் மரக்கிளையில் மாட்டினால் திரும்பி வராது, நரம்பையும் முறுக்கும். நரம்பைச் சுற்றும் வேகம் தகடு மெல்லச் சுழலும் அளவுக்கு இருந்தால் போதும். அந்தத் துடிப்பு கோலில் லேசாகத் தெரியும். அது நிற்பதற்குச் சற்று முந்தைய வேகம்தான் உங்களுக்கு வேண்டியது. ஒரு மீன் பட்டதும் ஸ்பின்னரை அவிழ்த்துவிட்டு அதே இடத்தில் ஜிக்கைப் போடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு வேதம் சொல்வார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் வெள்ளை, கலங்கியிருந்தால் பச்சையும் மஞ்சளும் கலந்த பளீர் நிறம். இந்தப் பக்கத்து ஏரிகள் மழை பெய்தால் டீத் தண்ணீர்தான், ஆகவே இரண்டாவதை அதிகம் வாங்குங்கள்.

கடி எப்படி இருக்கும் தெரியுமா? கெளுத்தி மாதிரி இழுத்துக்கொண்டு ஓடாது. மேலே எழும்பி உறிஞ்சுவதால் பல நேரம் விறைப்பாக இருந்த நரம்பு திடீரென்று தொய்ந்துவிடும். கோலில் ஒன்றும் தெரியாது. நரம்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள், தொய்ந்தால் கோலை மெதுவாக உயர்த்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் போச்சு, அதன் வாய் ஓரம் வெறும் சவ்வு, கிழிந்துவிடும். பாலத்திலோ உயரமான துறையிலோ நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், நீளக்கைப்பிடி வலை எடுத்துப் போங்கள்.

பருவம் கேட்டீர்கள். தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் மார்ச், ஏப்ரலில் முட்டையிடக் கரையோரம், இடுப்பளவு தண்ணீருக்கே வந்துவிடும். புதியவருக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. லவான், ரே ஹப்பர்ட், லூயிஸ்வில் ஏரிகள் எல்லாமே உங்களுக்குப் பக்கம். வெயில் காலத்தில் பாலத்தடி ஆழத்துக்குப் போய்விடும், அப்போது விளக்கு வைத்து இரவில் பிடிப்பார்கள்.

அப்புறம் அளவு. மூக்கிலிருந்து வால் நுனிவரை 10 அங்குலம் இருந்தால்தான் எடுத்துப் போகலாம், இரண்டு சாதியும் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 25. மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் கேம் வார்டன் வந்தால் அளந்து பார்ப்பார். லேக் ஃபோர்க் மாதிரி சில ஏரிகளில் தனி விதி உண்டு, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் குழம்பு வைக்கலாமா என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. சதை மிருதுவானது, கொதித்தால் உதிர்ந்துவிடும். முதுகெலும்பை ஒட்டி இரு பக்கமும் சதையாக எடுத்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு புரட்டித் தோசைக்கல்லில் போடுங்கள். குழம்புக்குக் கெளுத்தி இருக்கிறது. அதற்கு ஈயம் கட்டி அடியில் போடலாம், அது உங்களுக்கே தெரியும்.