ஸ்டீரிங் ஆடுகிறதா? எந்த வேகத்தில் என்று எழுதுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டீரிங் அதிர்வு பற்றியவை. எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: எந்த வேகத்தில் ஆடுகிறது, பிரேக் அழுத்தும்போதா, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதா என்று எழுதுங்கள். நோயில் பாதி அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

90 கி.மீ. வேகத்தில் ஸ்டீரிங் ஆடுகிறது. 110-ஐத் தாண்டினால் குறைகிறது. (கரூர்)

வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருப்பது, கெட்டிருக்கிறது. ரிம்மில் ஒட்டியிருந்த ஈயக்கட்டி விழுந்திருக்கும், அல்லது ரிம்மின் உட்புறம் சேறு காய்ந்து கிடக்கும். கழுவிவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் பேலன்ஸ் செய்யுங்கள். ஐந்நூறு, அறுநூறு ரூபாயில் முடியும். பேலன்சிங் இயந்திரத்தில் சக்கரம் சுழலும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரிம் வளைந்திருந்தால் கண்ணுக்கே தெரியும்.

என் கார் ரொம்ப அதிர்கிறது. என்ன பழுது, எவ்வளவு செலவாகும்? (ஊர் இல்லை)

ஊர் மட்டுமா இல்லை? வண்டி எது, எத்தனை கி.மீ. ஓடியது, எப்போது அதிர்கிறது, எதுவுமே இல்லை. இதற்கு ஒரு தொகை சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். மறுபடி எழுதுங்கள்.

சிறிய கார், 60,000 கி.மீ. ஓடியது. 100-ல் ஸ்டீரிங் நடுங்குகிறது. அலைன்மென்ட் செய்தும் போகவில்லை. இப்போது ஸ்டீரிங் ராக் 22,000, லோயர் ஆர்ம் இரண்டு 6,000, டை ராட் எண்ட் 2,000, கூலி 9,000, இதர பொருட்கள் 2,000, மறுபடி அலைன்மென்ட் 1,000 என மொத்தம் 42,000 கேட்கிறார்கள். நியாயமா? (திருநெல்வேலி)

நியாயமில்லை. விலையைப் பார்த்துச் சொல்லவில்லை. நோயைக் கண்டுபிடிக்காமலே மருந்துச் சீட்டு எழுதியிருக்கிறார்கள்.

பல வருடங்களாக இதை எழுதிவருகிறேன்: அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. சக்கரம் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது அலைன்மென்ட். அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அப்படித் தாறுமாறாகத் தேய்ந்த டயரால் பின்னாளில் அதிர்வு வருவது உண்டு. ஆனால் அதுவும் அலைன்மென்ட் செய்ததும் போய்விடாது. அதிர்வு என்று சொன்ன வாடிக்கையாளரை அலைன்மென்ட் மேடையில் ஏற்றிப் பணம் வாங்குவது எனக்குப் பொறுக்காத காரியம்.

அடுத்தது ராக், ஸ்டீரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம். அது தேய்ந்தால் ஸ்டீரிங்கில் லூஸ் தெரியும், பள்ளத்தில் இறங்கும்போது 'டக் டக்' என்று தட்டும். 100 கி.மீ. வேகத்தில் மட்டும் நடுக்கம் தருவது அதன் குணமில்லை. ராக் மாற்றிய பிறகும் ஆடுகிறது என்று ஒருவர் என்னிடம் வண்டியைக் கொண்டுவந்தார். முன் டயரின் உட்பக்கத்தில் எலுமிச்சை அளவு வீக்கம். மாற்ற வேண்டியிருந்தது அந்த ஒரு டயர்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் பேலன்சிங். போகவில்லையா? முன் சக்கரங்களைப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டீரிங்கை விட்டு இருக்கைக்குப் போனால் பழுது சக்கரத்தில். ராக்கைத் தொடவே வேண்டாம். மாறவில்லை என்றால் வண்டியை ஜாக்கியில் தூக்கச் சொல்லுங்கள். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? டை ராட் எண்ட் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) அல்லது ராக். மேலும் கீழும் பிடித்தால் ஆடுகிறதா? பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) அல்லது வீல் பேரிங். அந்த ஆட்டத்தை உங்கள் கையாலேயே உணர்ந்த பிறகு எஸ்டிமேட் பேசலாம்.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை. அதன் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 60,000 கி.மீ.யில் கிழிவது சாதாரணம், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். இவற்றை மாற்றினால் அதன் பிறகு அலைன்மென்ட் அவசியம், அந்த 1,000 மட்டும் சரி. 'இதர பொருட்கள்' எவை என்று எழுதி வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யைப் பார்த்துப் பணம் கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

பிரேக் அழுத்தினால் மட்டும் ஸ்டீரிங் உதறுகிறது. முன் டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். (தஞ்சாவூர்)

பழுதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளந்து காட்டச் சொல்லுங்கள். தாராளமாக மிச்சம் இருந்தால் லேத்தில் கடைந்தால் போதும். மாற்றுவதானால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், பிரேக் பேடும் புதிதாகப் போடுங்கள்.

பஞ்சர் ஒட்டிய மறுநாளிலிருந்து 30 கி.மீ.யிலேயே சக்கரம் ஆடுகிறது. (ஓசூர்)

இன்னுமா ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? உடனே நிறுத்தி வீல் நட்டுகளைப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 கி.மீ. ஓடிய பின் நட்டை மறுபடி முறுக்க வேண்டும்.

ஆக்சிலரேட்டர் மிதித்தால் அதிர்கிறது, காலை எடுத்தால் நிற்கிறது. (கோவை)

ஆக்சிலின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின்) உள்பக்க ஜாயிண்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினைத் தாங்கும் இன்ஜின் மவுண்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் நிறுத்தி வைத்து எடுத்தால் முதல் ஐந்து கி.மீ. மட்டும் ஆட்டம். (காரைக்குடி)

டயர் ஒரே இடத்தில் அழுந்தி நின்றதால் வருவது. சூடானதும் சரியாகிவிடும். இனி காற்றைச் சரியாக வைத்து, வாரம் ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. உங்கள் டயர் அவ்வளவு பழையது என்றால், பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.