மூளை அலையில் மெட்டு இருக்கிறதா? வாசகர் கேள்விகள்

மனதுக்குள் ஒரு பாட்டை நினைத்தால் கணினி அதை வாசித்துவிடுமா?

வாசிக்காது. தலையில் ஒட்டும் மின்முனைகளுக்கு எட்டுவது ஏராளமான நரம்பணுக்களின் மின்துடிப்பு ஒன்றாகக் கலந்த சிக்னல். மண்டையோட்டைத் தாண்டி வருவதற்குள் அது சில பத்து மைக்ரோவோல்ட்டாகத் தேய்ந்துவிடும். அதிலிருந்து மனதில் ஓடும் மெட்டை அப்படியே பிரித்தெடுக்க முடியாது. 2023-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் பாட்டு ஒன்றை மூளைப் பதிவிலிருந்து மீட்டார்களே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வில் பங்கேற்ற 29 பேரும் வலிப்பு நோயாளிகள். சிகிச்சைக்காக மின்முனைகள் மூளையின் மேலேயே வைக்கப்பட்டிருந்தன. அவர்கள் பாட்டை நினைக்கவில்லை, காதால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் ‘மூளை அலை இசை’ என்கிறார்களே, அந்த இசை எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நிரல் எழுதியவரிடமிருந்து. மூளை அலைகளில் ஆல்ஃபா என்ற வகை நொடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும்; பீட்டா என்ற வகை அதைவிட வேகமானது. நம் காதுக்கோ சுமார் 20-க்குக் கீழே கேட்காது. அதனால் ஒன்று, பதிவை வேகமாக ஓட்ட வேண்டும். இல்லையென்றால், ‘ஆல்ஃபா கூடினால் சுரம் ஏறட்டும், பீட்டா கூடினால் தாளம் விரையட்டும்’ என்று யாராவது விதி எழுத வேண்டும். மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் அடைத்துவிட்டால் எந்தச் சிக்னலும் இனிமையாகத்தான் ஒலிக்கும். ‘உங்கள் மனதின் இசை’ என்று விற்கப்படும் செயலிகளைக் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எனக்குப் பிடித்தது கணினியே இல்லாத ஒரு முயற்சி. 1965-இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் தலையில் மின்முனைகளுடன் கண்மூடி மேடையில் உட்கார்ந்தார். கண்ணை மூடினால் ஆல்ஃபா எழும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பினார்கள். அந்த அதிர்வில் பக்கத்திலிருந்த முரசுகளும் கோங் என்னும் வெண்கலத் தட்டுகளும் தாமாக முழங்கின. சுரத்துக்கு மாற்றும் வேலையே அங்கே இல்லை.

மூளை அலையைப் பதியும் ஹெட்பேண்ட் வாங்கி வீட்டில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் நெற்றியில் மட்டும் மின்முனை இருந்தால் கண் சிமிட்டலும் தாடை அசைவும்தான் பெரிதாகப் பதிவாகும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வேறு சேரும், அதை வடிகட்டியே ஆக வேண்டும். அப்புறம் பின்தலையில் ஒரு மின்முனை வைத்துக் கண்ணை மூடித் திறந்து பாருங்கள். ஆல்ஃபா ஏறி இறங்கினால் நீங்கள் பிடித்திருப்பது மூளை அலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதனால் யாருக்கு என்ன பயன்?

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக இசையமைப்பாளர் எடுவார்டோ மிராண்டா, லண்டன் மருத்துவமனை ஒன்றில் உடலை அசைக்க முடியாத நால்வருக்காக ஓர் அமைப்பை உருவாக்கினார். திரையில் சில கட்டங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் மினுங்கும். எதை உற்றுப் பார்க்கிறோமோ அதன் வேகம் பார்வைப் புறணியின் (மூளையில் பார்வையைக் கவனிக்கும் பகுதியின்) அலையில் தெரியும். அதை வைத்து அவர்கள் இசைத்துணுக்கைத் தேர்ந்தெடுக்க, நான்கு தந்திக் கலைஞர்கள் உடனுக்குடன் வாசித்தார்கள். இங்கே தேர்வு நோயாளியுடையது என்பதால்தான் இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஸ்டான்ஃபோர்டில் இசையமைப்பாளர் கிறிஸ் சேஃபும் நரம்பியல் மருத்துவர் ஜோசஃப் பர்வீசியும் மூளை அலையைக் குரல் போன்ற ஒலியாக மாற்றினார்கள். உடல் துடிக்காமல் உள்ளுக்குள் மட்டும் நிகழும் வலிப்பைக்கூட, இஇஜி எனப்படும் மூளை அலைப் பதிவைப் படிக்கத் தெரியாத செவிலியர்களும் மாணவர்களும் அந்த ஒலியைக் கேட்டே கண்டுபிடித்தார்கள்.