வாசகர் கேள்வி பதில்: செரங்கெட்டிக்குச் செல்லும் முன்

தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்குச் செல்லத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் மகன் தாருஸ்ஸலாமில் பணிபுரிகிறான். பிப்ரவரியிலோ ஆகஸ்டிலோ வரச் சொல்கிறான். விலங்குகள் கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்க்க எது ஏற்ற மாதம்?
– வாசகி, தஞ்சாவூர்

ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டுமென்றால் ஆகஸ்டில் செல்லுங்கள். ஏறத்தாழ 13 லட்சம் வில்டபீஸ்ட்களும் (மாட்டைப் போன்ற உருவமுள்ள பெரிய மான் இனம்) சுமார் 2 லட்சம் வரிக்குதிரைகளும் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் சுற்றிவரும் நிலம் அது. டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கே இந்துட்டு ஏரியைச் சுற்றியுள்ள சமவெளியிலும், ஜூன் வாக்கில் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பகுதியிலும், ஜூலை இறுதி முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரையிலும் அவை இருக்கும். மழை முன்பின்னாக வந்தால் இந்தக் கணக்கும் மாறும். ஆற்றங்கரையில் திரண்டு நிற்கும் கூட்டம் எப்போது இறங்கும் என்பதை எந்த வழிகாட்டியாலும் சொல்ல முடியாது. பல மணி நேரம் கரையிலேயே நின்றுவிட்டு, ஒன்றுகூட நீரில் கால் வைக்காமல் திரும்பிப் போவதும் உண்டு. மாராவுக்காகச் செல்பவர்கள் வடபகுதியில் குறைந்தது மூன்று இரவுகளாவது தங்க வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் பிப்ரவரியைத்தான் சொல்வேன். தெற்குச் சமவெளியின் மண், ங்கொரொங்கோரோ மலைப்பகுதி எரிமலைகள் பல காலம் கக்கிய சாம்பலால் ஆனது. அடியில் இறுகிப்போன படிவத்தைத் தாண்டி மரங்களின் வேர் இறங்க முடியாததால், கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை குட்டையான புல் மட்டுமே வளர்கிறது. கால்சியமும் பாஸ்பரசும் மிகுந்த அந்தப் புல், பாலூட்டும் தாய்களுக்குத் தேவைப்படுகிறது. பகைவிலங்கு வருவதைத் தொலைவிலேயே பார்த்துவிடவும் முடிகிறது. இரண்டு மூன்று வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் அங்கே பிறக்கின்றன. ஈரம் காயாத கன்று முன்னங்கால்களை மடித்து எழ முயன்று, விழுந்து, மீண்டும் எழுந்து, சில நிமிடங்களிலேயே தாயின் விலாவை ஒட்டி ஓடத் தொடங்குவதைச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். கழுதைப்புலிகளும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு செல்லுங்கள்.

ஏழு நாள்களில் மாசாய் மாரா, செரங்கெட்டி, ங்கொரொங்கோரோ, மன்யாரா ஏரி, தரங்கிரே ஆகிய ஐந்தையும் காட்டுவதாக ஒரு பயண முகவர் சொல்கிறார். ஏற்றுக்கொள்ளலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். கென்யாவில் உள்ள மாசாய் மாராவும் தான்சானியாவில் உள்ள செரங்கெட்டியும் வரைபடத்தில் ஒட்டியிருந்தாலும், அவற்றுக்கு இடையிலான எல்லை வழியாகச் சுற்றுலாப் பயணிகள் கடக்க அனுமதி இல்லை. 1977-இல் மூடப்பட்ட வழி அது. மேற்கே இசெபானியா வழியாகவோ கிழக்கே நமங்கா வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும். ஒரு பகல் முழுவதும் அதிலேயே கழியும். ஆருஷா நகரிலிருந்து செரங்கெட்டியின் நடுப்பகுதியான செரொனேராவுக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. அதில் ஏறத்தாழப் பாதி மண் சாலை. ஐந்து இடங்கள் என்று விளம்பரம் சொல்வதில் பெரும்பகுதி நேரம், வண்டியின் குலுக்கலிலும் புழுதியிலுமே போய்விடும்.

அதே ஏழு நாள்களில் தரங்கிரேயில் ஓர் இரவு, செரங்கெட்டியில் மூன்று இரவுகள், ங்கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஓர் இரவு என்று வைத்துக்கொண்டு, மீதியைப் போக்குவரத்துக்கு விடுங்கள். பூங்காவின் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 24 மணி நேரக் கணக்கில் வசூலிக்கப்படுகிறது. ஆகவே நாபி ஹில் வாயிலில் எந்த நேரத்தில் நுழைகிறீர்கள், எந்த நேரத்தில் வெளியேறுகிறீர்கள் என்பதை முகவரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் இன்னொரு நாள் கட்டணம் சேர்ந்துவிடக்கூடும். வண்டியில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் ஆகிய 'பெரிய ஐந்தையும்' பார்த்துவிட முடியுமா?
– வாசகர், சேலம்

முதல் நான்கையும் பார்க்கும் வாய்ப்பு செரங்கெட்டியில் நன்றாகவே இருக்கிறது. கறுப்புக் காண்டாமிருகத்துக்கு ங்கொரொங்கோரோ பள்ளத்தாக்கே ஓரளவு நம்பகமான இடம். 1960-களில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்கள் இருந்தன. கொம்புக்காக நடந்த களவு வேட்டையால் 1990-களில் அவை இருபதுக்கும் கீழே குறைந்துபோயின. இன்றைக்கும் காவலர்களின் கண்காணிப்பில்தான் அவை வாழ்கின்றன. கூடவே, சுமார் 600 மீட்டர் ஆழமுள்ள அந்தச் செங்குத்தான பள்ளத்தாக்கின் தரையில் ஒட்டகச்சிவிங்கியைத் தேட வேண்டாம். அங்கே அவை வசிப்பதில்லை.

அந்த ஐந்தின் பட்டியல் துப்பாக்கியோடு காட்டுக்குள் நடந்தவர்கள் வகுத்தது. பார்க்கப் போகிறவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பகல் முழுவதும் சிறுத்தையைத் தேடி ஓடுபவர்கள், நீர்யானைக் குளத்தின் கரையில் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு வரிக்குதிரைக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்தால், புல்லைப் பற்களால் பறிக்கும் ஒலி நாலாபுறமிருந்தும் கேட்கும். இரண்டு வரிக்குதிரைகள் ஒன்றன் முதுகின்மேல் மற்றொன்று தலையை வைத்து, எதிரெதிர்த் திசைகளைப் பார்த்தபடி நிற்பதையும் அப்போதுதான் கவனிப்பீர்கள்.

வில்டபீஸ்ட் கூட்டம் எப்போதுமே இவ்வளவு பெரிதாக இருந்ததா? கால்நடை நோய்களால் அவை பாதிக்கப்பட்டனவா?
– கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. செரங்கெட்டியின் இன்றைய தோற்றத்தையே தீர்மானித்தது, நம் ஊர் மாடுகளையும் வாரிக்கொண்டு போன வெக்கை நோய்தான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவின் வடகிழக்கில் நுழைந்த அந்நோய், 1890-களில் கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடுகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொன்றது. மாடுகளையே நம்பி வாழ்ந்த மாசாய் மக்களைப் பஞ்சம் தாக்கியது. வில்டபீஸ்ட்களையும் காட்டெருமைகளையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. அடுத்து வந்த பல பத்தாண்டுகளும் ஆண்டுதோறும் கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன.

பூங்காவைச் சுற்றியிருந்த ஊர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகு, 1960-களின் முற்பகுதியில் வில்டபீஸ்ட்களிடமிருந்தும் நோய் மறைந்தது. காட்டு விலங்குகளுக்கு யாரும் ஊசி போடவில்லை. நோய் வந்துகொண்டிருந்த வாசலை அடைத்தார்கள், அவ்வளவுதான். அப்போது சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்கள் 1970-களின் இறுதியில் 13 லட்சமாகப் பெருகின. அத்தனை வாய்கள் மேய்ந்ததால் காய்ந்த புல் தேங்குவது குறைந்தது, காட்டுத்தீ குறைந்தது, தீயில் கருகிக்கொண்டிருந்த மரக்கன்றுகள் பிழைத்து வளர்ந்தன. ஓர் ஊசி மருந்து மரங்களை வளர்த்த கதை இது. உலகிலிருந்தே வெக்கை நோய் ஒழிக்கப்பட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது.

எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. 1994-இல் ஊர் நாய்களிடமிருந்து பரவியதாகக் கருதப்படும் கேனைன் டிஸ்டெம்பர் கிருமியால், செரங்கெட்டிச் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறந்துபோயின. அதன் பிறகு சுற்றுவட்டாரக் கிராமங்களின் நாய்களுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. காட்டின் உடல்நலம் எல்லைக்கு வெளியே உள்ள தொழுவத்திலும் தெருவிலும் தொடங்குகிறது என்பதை, உங்கள் துறையைச் சேர்ந்தவர்கள்தான் ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

சிவிங்கிப்புலி வேட்டையாடுவதைப் படம் எடுக்க வேண்டும் என்பது என் கனவு. ஓட்டுநருக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்தால் பாதையை விட்டு இறங்கி அருகே கொண்டுசெல்வாரா?
– வாசகர், சென்னை

கேட்காதீர்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். செரங்கெட்டியின் நடுப்பகுதியில் பாதையை விட்டு இறங்குவது குற்றம்; பிடிபட்டால் அபராதம் கட்டுபவர் ஓட்டுநர், அவருடைய வேலைக்கே அது ஆபத்து. பயணி கொடுக்கும் அன்பளிப்பை எதிர்பார்த்திருப்பவரிடம் இப்படிக் கேட்பது, மறுக்க முடியாத இடத்தில் அவரை நிறுத்துவதாகும்.

சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து பெரும்பாலும் பகலில் வேட்டையாடும் விலங்கு சிவிங்கிப்புலி. ஓட்டுநர்களின் வயர்லெஸ் கருவிகளில் செய்தி பரவியதும் இருபது வண்டிகள் வந்து வளைத்துக்கொண்டால், அது பதுங்கிச் செல்ல வழியில்லாமல் எழுந்து வேறு பக்கம் போய்விடும். குட்டிகள் பசியோடு கிடக்கும். மாசாய் மாராவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதிகளில் தாய்ச் சிவிங்கிப்புலிகள் வளர்த்து ஆளாக்கும் குட்டிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைவாக இருப்பதைக் காட்டியது. வண்டிகள் கூடியிருக்கும் இடத்தைக் கண்டால், "இங்கே வேண்டாம், வேறு பக்கம் போகலாம்" என்று நீங்களே ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது பெரும் நிம்மதி.

மாசாய் மக்களை வெளியேற்றித்தான் பூங்கா அமைத்தார்கள் என்று படித்தேன். அப்படியிருக்க, நாம் அங்கே செல்வது சரியா?
– வாசகர், விழுப்புரம்

படித்தது உண்மை. 1951-இல் பூங்கா அமைந்தது. 1959-இல், ஆங்கிலேயர் ஆட்சியில், மாசாய் மக்கள் செரங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டு, அதே ஆண்டு தனியாகப் பிரிக்கப்பட்ட ங்கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். மனிதரும் காட்டு விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கென்றே அப்பகுதி உருவாக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அங்கிருந்தும் அவர்களை வேறிடம் அனுப்பும் முயற்சிகள் நடந்து, எதிர்ப்புக்கும் போராட்டத்துக்கும் உள்ளாகியிருக்கின்றன. செல்வதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பூங்காவின் பாதுகாப்பு சுற்றுலா வருமானத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆனால் உள்ளூர் மக்கள் நடத்தும் தங்குமிடங்களைத் தேடிச் செல்லுங்கள். சாலையோரம் மாடு மேய்க்கும் சிறுவனை அவன் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். மனிதர் வாழாத ஆதிக் காடு என்று எழுதியிருக்கும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

தடுப்பூசி, உடை, சைவ உணவு பற்றிச் சொல்லுங்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவையும் அழைத்துச் செல்லலாமா?
– வாசகி, மதுரை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள்கள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். நைரோபி வழியாக வந்து போகிறவர்களுக்கு இது மிக முக்கியம். கென்யா போன்ற நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால், இந்திய விமான நிலையத்தில் உங்களைத் தனிமைப்படுத்தி வைக்க முடியும். அறுபது வயதைக் கடந்தவர்கள் இந்த ஊசிக்கு முன்பு மருத்துவரிடம் கட்டாயம் ஆலோசிக்க வேண்டும் என்பதால், அம்மாவின் விஷயத்தை முதலில் அங்கிருந்து தொடங்குங்கள். மலேரியாவுக்கான தடுப்பு மாத்திரையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கருநீலமும் கறுப்பும் ரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்களை ஈர்க்கும் நிறங்கள். அவற்றைத் தவிர்த்து, மண் நிறத்தில் முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ங்கொரொங்கோரோ விளிம்பு 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் காலையில் கடுங்குளிர். கம்பளிச் சட்டை இல்லாமல் போகாதீர்கள். பிளாஸ்டிக் பைகள் தான்சானியாவில் 2019 முதல் தடைசெய்யப்பட்டவை. புளியோதரையைப் பொட்டலம் கட்டுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. குஜராத்தி குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் நாடு என்பதால் சைவ உணவு அங்கே புதிதன்று. முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் பருப்பும் சப்பாத்தியும் கிடைக்கும்.

பூங்காவுக்குள் நடக்க வேண்டியது அநேகமாக இல்லை. ஆனால் உயரமான வண்டியில் ஏறி இறங்க வேண்டும். நாள் முழுவதும் குலுங்கும். அம்மாவுக்கு முன்வரிசை இருக்கையைக் கேளுங்கள். பின்சக்கரத்தின் மேல் உள்ள இருக்கையில்தான் அடி அதிகம். முடிந்தால் ஆருஷாவிலிருந்து செரொனேராவுக்குச் சிறு விமானத்தில் அழைத்துச் செல்லுங்கள். ஆளுக்கு 15 கிலோ சுமைக்குத்தான் பெரும்பாலும் அனுமதி, அதுவும் மடங்கக்கூடிய துணிப் பையில். ஆகவே பெரிய பெட்டிகளை ஆருஷா விடுதியிலேயே விட்டுச் செல்லுங்கள்.