மஹ்தி படை சதுர அணியை எட்டவில்லையா? இன்னும் 200 உருவங்களை வாங்காதீர்கள்

கேள்வி: சூடானில் 1885 ஜனவரி 17 அன்று பிரிட்டிஷாருக்கும் மஹ்தி என்ற கிளர்ச்சி மதத் தலைவரின் படைக்கும் நடந்த அபு க்ளியா சண்டையை 28 மி.மீ. உயர பொம்மை வீரர் உருவங்களை வைத்து மேசையில் ஆடுகிறோம். மேசை ஆறடிக்கு நாலடி. பிரிட்டிஷ் பக்கம் 55 உருவங்கள், மஹ்தி பக்கம் 120. ஒவ்வொரு ஆட்டத்திலும் மஹ்தி வீரர்கள், நாலு பக்கமும் வெளியே பார்த்து நிற்கும் பிரிட்டிஷ் சதுர அணியைத் தொடுவதற்குள்ளேயே சுருண்டு விழுகிறார்கள். 200 உருவங்கள் கூடுதலாக வேண்டும், வண்ணம் தீட்டியே தருகிறேன் என்று ஒரு விற்பனையாளர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கையில் இருக்கும் 120 உருவங்களே போதும். தவறு தூரத்தில்தான் இருக்கிறது.

அநேகமாக மஹ்தி படையைச் சதுரத்திலிருந்து 36 அங்குலம் தள்ளி, மேசை ஓரத்தில் நிறுத்துகிறீர்கள். அவர்கள் பாய்ச்சல் சுற்றுக்கு 12 அங்குலம், பிரிட்டிஷாரின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி எட்டும் தூரம் 24 அங்குலம் என்று வையுங்கள். வந்து சேர்வதற்குள் 24 அங்குலத்தில் ஒன்று, 12 அங்குலத்தில் ஒன்று என்று இரண்டு முறை சுடப்படுகிறார்கள். சதுரத்தின் ஒரு பக்கத்தில் 15 பேர், ஆளுக்கு ஒரு பகடை, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி: சுற்றுக்கு ஏழெட்டுப் பேர், இரண்டு சுற்றில் 15 பேர். இருபது பேர் கொண்ட ஒரு குழுவில் முக்கால்வாசி காலி. 200 பேரைக் கூடுதலாக நிறுத்தினாலும் இதே கணக்குதான்.

அன்று நடந்தது வேறு. மஹ்தி வீரர்கள் வறண்ட ஓடைப் பள்ளத்தில் படுத்திருந்தார்கள்; வெளியே தெரிந்தவை கொடிகள்தான். எனவே சதுரத்தின் இடப்பக்கத்திலிருந்து 12 அங்குலத்தில் பள்ளத்தை வையுங்கள். ஒரே பாய்ச்சலில் வந்துவிடுவார்கள். சதுரத்துக்கு முன்னால் 8 அங்குலத்தில் ஆறு முன்னோடி வீரர்களை நிறுத்துங்கள். அவர்கள் ஓடித் திரும்பும்வரை பின்னால் இருப்பவர்கள் சுடக்கூடாது. அன்றும் சொந்த ஆட்களே குறுக்கே நின்றதால்தான் சுடுவது தாமதமானது.

இனி இடது பின்மூலை. உள்ளே இருந்த ஒட்டகங்கள் பின்தங்கியதால் பின்பக்கம் பிதுங்கியது, கார்ட்னர் என்ற பல குழல் இயந்திரத் துப்பாக்கியை வெளியே இழுத்துப்போய் நிறுத்தினார்கள், அதுவும் அடைத்துக்கொண்டது. அந்த இடைவெளி வழியாகத்தான் சதுரம் உடைந்தது. மேசையில் இப்படிச் செய்யுங்கள்: சதுரம் சுற்றுக்கு 4 அங்குலம் நகரட்டும். நகரும் ஒவ்வொரு முறையும் ஒரு பகடை. 1 அல்லது 2 விழுந்தால் இடது பின்மூலையில் 2 அங்குல இடைவெளி. ஒரு சுற்று முழுக்க நின்றால்தான் அதை மூடலாம். கார்ட்னருக்கு ஐந்து குழல், ஐந்து பகடை. இரண்டோ அதற்கு மேலோ 1 விழுந்தால் அடைத்துக்கொண்டது, ஆட்டம் முடியும்வரை சுடாது. ஏறக்குறைய ஐந்து முறைக்கு ஒரு முறை இப்படி ஆகும்.

'நகராமல் நின்றுகொண்டே சுட்டால் போகிறது' என்று பிரிட்டிஷ் ஆட்டக்காரர் சொல்வார். விடாதீர்கள். தண்ணீர் முன்னால் இருந்த கிணறுகளில்தான் இருந்தது; பிரிட்டிஷ் தளபதி சர் ஹெர்பர்ட் ஸ்டூவர்ட் முகாமின் முள்வேலியை விட்டு வெளியேறியதே அதற்காகத்தான். கிணறுகளை 32 அங்குலத்தில் வைத்து, 10 சுற்று கெடு கொடுங்கள். நடக்க எட்டு, நிற்க இரண்டே இரண்டு. இந்தக் கெடு இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

உடைத்து உள்ளே வந்தவர்களுக்கு எதிராக நடுவில் எட்டு ஒட்டகங்களை நெருக்கி வையுங்கள். அவற்றின் ஊடே யாரும் போக முடியாது. எதிர்ப்பக்கத்துப் பின்வரிசை திரும்பி உள்நோக்கிச் சுடலாம். அன்று பிரிட்டிஷ் தரப்பில் எழுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், கர்னல் பர்னபி உட்பட. ஆனாலும் சதுரம் மீண்டும் மூடிக்கொண்டது. அழிந்த மஹ்தி குழுவுக்கு ஒரு பகடை போடுங்கள். 4 அல்லது மேல் விழுந்தால் அதே உருவங்கள் பள்ளத்திலிருந்து மறுபடி எழும். அந்த 200 உருவங்களின் வேலையை இந்த ஒரு விதியே செய்துவிடும்.

விற்பனையாளர் விஷயத்துக்கு வருகிறேன். 'சூடான் மஹ்தி' என்ற பெயரில் அடர்ந்த சுருள்முடித் தலைகள் வருகின்றன. அவர்கள் ஹதெந்தோவா மக்கள். கிழக்குச் சூடானில் மஹ்தியின் தளபதி உஸ்மான் திக்னாவின் பக்கம் நின்று போரிட்டவர்கள். அபு க்ளியாவில் பெரும்பாலும் துகைம், கினானா, ஜஅலியின் மக்கள். மழித்த தலையும் குல்லாவும் கேளுங்கள். பிரிட்டிஷ் உருவங்களிலும் இதே ஏமாற்று நடக்கிறது: 1898-ல் நடந்த ஓம்துர்மான் போரின் காக்கி உடையும் லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியும் உங்களுக்கு உதவாது. அபு க்ளியாவில் போரிட்ட பிரிட்டிஷ் ஒட்டகப் படைக்குச் சாம்பல் நிற மேலங்கி, மஞ்சள் பழுப்புக் கால்சட்டை, கருநீலக் கால்சுற்று.

ரெசினில் திருட்டு வார்ப்பும் புழங்குகிறது. அடிப்பாகத்தின் புகைப்படம் கேளுங்கள். நிறுவனத்தின் பெயர் மழுங்கியிருந்தாலோ, முகத்தில் குமிழ்க்குழி இருந்தாலோ, அசலைவிட அரை மி.மீ. குட்டையாக இருந்தாலோ வேண்டாம். வண்ணம் தீட்டுபவருக்கு மொத்த முன்பணம் எக்காரணம் கொண்டும் தராதீர்கள். பத்து உருவம், பார்த்த பிறகு பணம், அடுத்த பத்து. பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கும். அரத்தால் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள், நனைத்துத் தேய்த்தால் இன்னும் நல்லது.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் இந்தியாவில் பொம்மை என்று கணக்கு வைப்பார்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 60 சதவீதமும் 2023-ல் 70 சதவீதமும் ஆனது. வளர்ந்தவர்கள் தூரிகை பிடித்துத் தீட்டும் உலோக வார்ப்பைக் கிலுகிலுப்பையோடு சேர்த்து வரி போடுவதில் என்ன நியாயம் இருக்கிறது? இந்த வரியைக் காட்டித்தான் இடைத்தரகர்கள் இரட்டை விலை சொல்கிறார்கள்.

ஒரே ஒரு விலக்கு. இந்த விதிகளை 1898 செப்டம்பர் 2-ன் ஓம்துர்மானுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே காலையில் பிரிட்டிஷ்-எகிப்தியப் படை முள்வேலிக்கும் அகழிக்கும் பின்னால், நைல் நதியை முதுகில் வைத்து நின்றது. பின்மூலை என்ற பேச்சே இல்லை. மேக்சிம் துப்பாக்கிகள், நதியில் பீரங்கிப் படகுகள். மஹ்தி வீரர்கள் திறந்த வெளியில் ஓடிவந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த ஆட்டத்தில் நீளவாக்கில் 60 அங்குலமாவது திறந்த வெளி விடுங்கள். அடைப்புப் பகடையை எடுத்துவிடுங்கள். ஓடைப்பள்ளம் அங்கே ஓரிடத்தில்தான் வரும்: பிரிட்டிஷ் குதிரைப்படையான 21-வது லான்சர்கள் குதிரையோடு போய் விழுந்த அபு சுன்த் பள்ளம். அதைத் தனி மேசையில், தனி ஆட்டமாக வையுங்கள்.