எஞ்சினின் ஆக்ரோஷம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ரோஸ் ஹில்லில் வசிக்கும் கணினியியல் மாணவன். செஸ் ஆடும் கணினி நிரல்களான எஞ்சின்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, எது அதிக ஆக்ரோஷமாக ஆடுகிறது என்று அளந்து வருகிறேன். ஸ்டெஃபான் போல் உருவாக்கிய ஈ.ஏ.எஸ். என்ற, எஞ்சின்களின் ஆக்ரோஷத்தை அளக்கும் கருவியை முன்மாதிரியாகக் கொண்டு, வென்ற ஆட்டங்களில் காய்களைப் பலியிட்ட விகிதம், குறைந்த நகர்த்தல்களில் பெற்ற வெற்றி, சண்டையின்றி முடிந்த டிரா ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுகிறேன். பலிக்கு அதிக எடை தருவதா, விரைவான வெற்றிக்கா? மனிதர்களின் ஆட்டத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்துமா? என் பட்டியலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். மொரீஷியஸில் இருந்துகொண்டு இப்படியொரு வேலையைச் செய்யவும், அதைத் தமிழிலேயே எழுதிக் கேட்கவும் ஒரு பிள்ளை இருக்கிறதே என்று மனம் குளிர்ந்தது. அந்த உரிமையில் சற்றுத் திட்டவும் போகிறேன்; ஏனென்றால் இதே விஷயத்தைச் சில காலமாக நானும் மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

விரைவான வெற்றிக்கு எவ்வளவு எடை என்பது பெரிய கேள்வியே இல்லை. நோஞ்சானோடு மோதினால் எந்த எஞ்சினும் சீக்கிரம் வெல்லும். எதிராளிகளைச் சம பலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். டிராவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பலி விஷயத்தில்தான் உங்களை விடப்போவதில்லை. எஞ்சின் ஒரு குதிரையை இழந்து, சில நகர்த்தல்கள் வரை அதை ஈடுசெய்யாமல் இருந்து, கடைசியில் வென்றுவிட்டால் நீங்கள் மதிப்பெண் போட்டுவிடுகிறீர்கள். அந்தக் குதிரை போன நேரத்தில் எஞ்சினுக்கு என்ன தெரிந்திருந்தது என்று ஒரு முறையாவது பார்த்தீர்களா? எஞ்சின்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஆஸ்திரிய ஆட்டக்காரர் ருடால்ஃப் ஷ்பீல்மான் பலியை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: கொடுத்த காய், கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய சில நகர்த்தல்களுக்குள் லாபத்தோடு திரும்பிவிடுமானால் அது போலிப் பலி; கணக்கை முடிக்க முடியாத நிலையிலும் துணிந்து கொடுத்தால்தான் மெய்யான பலி. தொலைவில் எதிராளியின் ராஜா மாட்டிக்கொள்வதைக் கண்டுவிட்டு ராணியைத் தரும் எஞ்சின், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பவரைப் போன்றது. அவரை யாரும் கொடையாளி என்று சொல்வதில்லை.

1997 மே 11 அன்று உலக சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் டீப் ப்ளூ என்ற ஐ.பி.எம். கணினி எட்டாவது நகர்த்தலிலேயே குதிரையைப் பலியிட்டு இ6 கட்டத்துச் சிப்பாயை வெட்டியது. 19 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. உங்கள் அளவுகோலில் பலிக்கும் விரைவுக்கும் அதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த நகர்த்தல், மனிதர்கள் அதன் திறப்புத் தொகுப்பில், அதாவது ஆட்டத் தொடக்கத்துக்கான தயார் நகர்த்தல்களின் பட்டியலில், முன்கூட்டியே எழுதிவைத்தது. அப்படியானால் நீங்கள் அளந்தது யாருடைய ஆக்ரோஷத்தை?

என் தாய்மாமா ஒருவர் காத்ர் போர்னில் இருந்தார். 1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயலடித்து மின்சாரம் போன நாட்களில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவரும் என் தந்தையும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஓர் இரவு மாமா மந்திரியை (பிஷப்) கொடுத்து எச்7 கட்டத்துச் சிப்பாயை எடுத்தார். எடுத்த கையோடு வலது உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் செருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்; விட்டால் கை தானாகவே போய்க் காயைத் திரும்ப எடுத்துவிடும் என்று பயம். மூன்று நகர்த்தல்களுக்கு அப்பால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றார். வென்ற ஆட்டங்களில் மட்டும் பலியை எண்ணும் உங்கள் முறையில் அந்த மந்திரிக்கு இடமே கிடையாது, தம்பி. எனக்கு இதுதான் ஆத்திரமூட்டுகிறது: துணிந்து கொடுத்துத் தோற்றவற்றையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு ஆக்ரோஷம் என்று பெயர் சூட்டுகிறீர்கள். 1960 உலகப் பட்டப் போட்டியில், போட்வின்னிக்குக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் தால் 21ஆம் நகர்த்தலில் போட்ட குதிரையும் சரியான பதில் இல்லாத பலியல்ல. பதில் இருந்தது, போட்வின்னிக் அதைக் காணவில்லை. கண்டிருந்தால் அதுவும் உங்கள் பட்டியலில் ஏறியிராது.

இத்தனைக்கும் வேண்டிய தரவு உங்கள் கையிலேயே இருக்கிறது. எஞ்சின் போட்டிகளை நடத்தும் நிரல்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் யார் எவ்வளவு முன்னணி என்ற எஞ்சினின் மதிப்பீட்டையும் தேடிய ஆழத்தையும் ஆட்டக் கோப்பில் பதிந்துவைக்கின்றன. தான் எதிர்பார்க்கும் தொடர் நகர்த்தல்களையும் எஞ்சின் வெளியிடுகிறது, அதைச் சேமிக்கச் சில வரி நிரல் போதும், அது உங்கள் படிப்பு. பலியிட்ட கணத்தில் அந்தத் தொடரின் கடைசி நிலையில் காய்க்கணக்கைப் பாருங்கள். கொடுத்தது அதற்குள் திரும்பியிருந்தாலோ, எதிராளியின் ராஜா வீழ்ந்திருந்தாலோ போலி. அப்போதும் காய் குறைவாகவே இருந்து, மதிப்பீடும் சமநிலையை ஒட்டியே நின்று, எஞ்சின் அப்படியும் கொடுத்திருந்தால் அதை எண்ணுங்கள். திறப்புத் தொகுப்பிலிருந்து வந்த நகர்த்தல்களை விலக்கிவிடுங்கள்.

மனிதர்களுக்குப் பொருந்துமா என்றீர்கள். மனிதர்கள் தம் மதிப்பீட்டை நகர்த்தலுக்குப் பக்கத்தில் எழுதிவைப்பதில்லை. அந்தக் கேள்வியை விடுங்கள்.

தோற்ற ஆட்டங்களையும் சேர்த்து மறுபடி எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை பட்டியல் வேண்டாம். மெய்யான பலி என்று உங்களுக்கே நம்பிக்கை வந்த ஒரே ஓர் ஆட்டத்தை மதிப்பீட்டு எண்களோடு அனுப்புங்கள்.