தங்கைக்கு மறுநாளே தெரிந்தது, எனக்கு ஏன் இன்னும் மங்கல்?

கேள்வி: எனக்கு வயது 26. இரண்டு கண்ணிலும் மைனஸ் 4 பவர். கண்ணாடி போடாமல் இருப்பதற்காக 12 நாள்களுக்கு முன் பிஆர்கே லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். முதல் இரண்டு நாள் ஓரளவு தெரிந்தது, ஐந்தாம் நாள் மோசமாகிவிட்டது. இப்போது காலையில் பரவாயில்லை, சாயங்காலம் மங்கல். இடது கண் இன்னும் பின்தங்கியிருக்கிறது. லாசிக் செய்துகொண்ட என் தங்கைக்கு மறுநாளே பளிச்சென்று தெரிந்தது. எனக்கு ஏதாவது தவறாகிவிட்டதா? - வாசகி, திருப்பூர்

பதில்: தங்கையோடு ஒப்பிடுவதை முதலில் விடுங்கள். லாசிக்கில் கருவிழியின் மேல் பக்கம் மெல்லிய மூடிபோல் ஒரு மடலைத் திறந்து, உள்ளே லேசர் கொடுத்து, மறுபடி மூடிவிடுவார்கள். பார்வைப் பாதையில் மேல்தோல் அப்படியே இருக்கும். பிஆர்கேயில் அந்தத் தோலையே நீக்கிவிட்டுத்தான் லேசர். அதன் கனம் சுமார் 50 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் அது புதிதாக வளர்ந்தாக வேண்டும்.

உங்களைப் பயமுறுத்திய ஐந்தாம் நாளின் கதையும் இதுதான். புதுத்தோல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளரும். எல்லாப் பக்கமும் வந்து சேருகிற இடம், நாம் எதன் வழியாகப் பார்க்கிறோமோ அதே நடுப்பகுதி. சிமெண்ட் தரையில் இரண்டு நாள் பூச்சு சேருகிற இடத்தில் ஒரு மேடு தடவினால் தெரியுமே, அதுபோல அங்கேயும் ஒன்று விழும். தோல் ஆறும் வரை கண்ணில் வைத்திருக்கும் பேண்டேஜ் லென்ஸை எடுப்பதும் பெரும்பாலும் அந்த நாள்களில்தான் என்பதால், பலர் லென்ஸை எடுத்ததால்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மேடு சில வாரங்களில் தானாகச் சமனாகும். இரண்டு கண்ணும் ஒரே வேகத்தில் ஆறுவதும் இல்லை.

சாயங்கால மங்கலுக்குக் கண் வறட்சிதான் காரணமாக இருக்கும். ஒரு சின்னச் சோதனை: எழுத்து மங்கும்போது நன்றாக இமைத்துப் பாருங்கள். சில நொடி தெளிந்து மறுபடி மங்கினால், அது கண்ணீர்ப் படலம் சீக்கிரம் கலைவதால் வருவது. மருத்துவர் கொடுத்த செயற்கைக் கண்ணீரை மங்கிய பிறகு விடாமல், மங்குவதற்கு முன்பே விடுங்கள். கணினி முன்னால் இருக்கும்போது நாம் இமைக்கவே மறந்துவிடுகிறோம்.

அப்புறம், ஸ்டீராய்டு சொட்டு மருந்து. பார்வை தெளிந்ததும் தானாக நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். கருவிழியில் தழும்புபோல் ஒரு மங்கலான மூட்டம் படியாமல் இருக்கத்தான் அந்த மருந்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சொன்ன காலத்துக்கு மேல் விடுவதும் தப்பு, கண் அழுத்தம் ஏறலாம். அதனால் பரிசோதனை நாள்களைத் தவறவிடாதீர்கள். வெயிலில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அவசியம்.

இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிற வரை வண்டி ஓட்ட வேண்டாம். பார்வை நிலைப்பட ஒன்றிலிருந்து மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். அதற்குள் கடையில் பவர் பார்த்துக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள், வீண் செலவு.

ஆனால் வலி கூடினாலோ, கண் சிவந்து பீளை வந்தாலோ, வெளிச்சம் பார்க்கவே முடியாமல் கூசினாலோ, பார்வை திடீரென்று இறங்கினாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே சிகிச்சை செய்த மருத்துவரிடம் போய்விடுங்கள்.